பிக்கப்பில் 2.5 டன் ட்ரெய்லர் இழுக்க எந்த ஹிட்ச்? பம்பர் உருண்டை, ரிசீவர், கூஸ்நெக்

சுமைவண்டி (கேள்வி)

வணக்கம். டபுள் கேப் பிக்கப்பில் இரண்டு ஆக்சில் தட்டு ட்ரெய்லர் ஒன்றை இழுக்க வேண்டும். ஹிட்ச் (ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் அமைப்பு) வாங்குவதற்கு முன் தெரிந்தவர்களின் கருத்து தேவை. கையேட்டிலும் தகட்டிலும் உள்ள எண்கள்:

வண்டி: காலி எடை 2,150 கிலோ (முன் ஆக்சிலில் 1,200, பின் ஆக்சிலில் 950). மொத்த எடை வரம்பு 3,200. பின் ஆக்சில் வரம்பு 1,850. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 6,000. இழுக்கும் வரம்பு பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 3,500, பிரேக் இல்லாததற்கு 750. ஹிட்ச் மீது செங்குத்தாக அழுத்தும் எடை 350 வரை. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 3.1 மீட்டர். பின் ஆக்சில் நடுவிலிருந்து உருண்டை வரும் இடம் வரை 1.3 மீட்டர்.

ட்ரெய்லர்: காலி எடை 780, வரம்பு 3,000, எலெக்ட்ரிக் பிரேக். கப்ளரில் (உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லர் முனை) 2 அங்குலம் என்று அச்சு இருக்கிறது. ஏற்றப்போவது 1,700 கிலோ. அதாவது லோடோடு 2,480.

வண்டிக்குள் 4 பேர், 300 கிலோ என்று வையுங்கள். பின் தொட்டியில் 250 கிலோ சாமான்.

கேள்விகள்: பின் பம்பரிலேயே உருண்டைக்கான துளை இருக்கிறது, பக்கத்தில் 3,500 / 350 பவுண்டு என்று பொறித்திருக்கிறது. அது போதுமா? ரிசீவர்தான் (சேஸிஸில் மாட்டும் சதுரக் குழாய்) என்றால் எந்த கிளாஸ், அதாவது எந்த வலுத் தரம்? ஒரு கிளாஸ் பெரிதாகவே போட்டுவிட்டால் கூடுதல் பாதுகாப்புதானே? தொட்டிக்குள் மாட்டும் கூஸ்நெக் இன்னும் நல்லது என்கிறார்களே? பட்டறையில் இரும்பு வெட்டி வெல்டிங் வைத்துத் தருவதாகவும் சொல்கிறார்கள், அது சரிவருமா?

---

கடையாணி

எண்களோடு கேட்டதற்கு நன்றி. பாதிப் பேர் வண்டிப் பெயரை மட்டும் எழுதிவிட்டு "எது நல்ல ஹிட்ச்" என்று கேட்பார்கள்.

பம்பரை இப்போதே விட்டுவிடுங்கள். 3,500 பவுண்டு என்பது 1,588 கிலோ, உங்கள் ட்ரெய்லர் 2,480. எண்ணைத் தள்ளிவைத்தாலும், பம்பர் என்பது இரண்டு பிராக்கெட்டில் தொங்கும் தகடு. அதன் ஓரத்தில் உள்ள ஒரு துளையில் மாட்டிய உருண்டை ஒவ்வொரு குழியிலும் அந்தத் தகட்டை முறுக்கும். முதலில் துளையைச் சுற்றித் தகடு வளையும், பிறகு பிராக்கெட் போல்ட் துளைகள் நீள்வட்டமாகும். காலி ட்ரெய்லரை முற்றத்துக்குள் நகர்த்த அது போதும்.

உங்களுக்கு ரிசீவர்தான். ஆனால் கிளாஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். கிளாஸ் 1, 2 இரண்டும் பெரும்பாலும் 1¼ அங்குலச் சதுரக் குழாய். வரம்பு 2,000 பவுண்டு (907 கிலோ), 3,500 பவுண்டு (1,588 கிலோ). கிளாஸ் 3, 4 இரண்டும் 2 அங்குலக் குழாய். கிளாஸ் 3 என்ற பெயரில் 5,000 பவுண்டிலிருந்து 8,000 பவுண்டு வரை எல்லாம் விற்கிறார்கள். 5,000 பவுண்டு என்றால் 2,268 கிலோதான், உங்கள் லோடுக்கே எட்டாது. கிளாஸ் 4 பொதுவாக 10,000 பவுண்டு (4,536 கிலோ).

இன்னொரு பொறி இருக்கிறது. ரிசீவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: ஒன்று வெயிட் கேரியிங் (எடையை உருண்டையே சுமப்பது), மற்றது வெயிட் டிஸ்ட்ரிபியூட்டிங் (எடையை முன் ஆக்சிலுக்கும் பகிர்வது). இரண்டாவது பெரும்பாலும் பெரிதாக இருக்கும், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுவதும் அதைத்தான். ஸ்பிரிங் பார் வைத்த தனி ஹிட்ச் மாட்டினால் மட்டுமே அந்த எண் செல்லும். சாதாரண பால் மவுண்டில் (ரிசீவர் குழாயில் செருகும் இரும்புக் கை) உருண்டை வைத்து இழுப்பவருக்கு முதல் வரிசைதான். அந்த வரிசையில் உங்கள் ட்ரெய்லரின் முழு வரம்பான 3,000 கிலோவைத் தாங்குவதாக, 8,000 / 800 பவுண்டு என்று இருப்பதைத் தேடுங்கள்.

இனி, ஹிட்சைவிட முக்கியமான கணக்கு. கப்ளர் உருண்டையைக் கீழே அழுத்தும் எடையை டங் வெயிட் என்போம். இத்தகைய ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ட்ரெய்லர்கள் இதைவிடக் குறைவாக ஓடும்படி அமைக்கப்பட்டவை, அந்த எண்ணை இங்கே கொண்டுவரக் கூடாது. 2,480-க்கு 248 முதல் 372. உங்கள் வண்டி 350-ல் நிறுத்திவிடுகிறது. 12 சதவீதம், அதாவது சுமார் 300 கிலோ வைத்துக்கொள்வோம்.

இந்த 300 கிலோ பின் ஆக்சிலில் 300 ஆக இறங்குவதில்லை. உருண்டை ஆக்சிலுக்கு 1.3 மீட்டர் பின்னால் இருப்பதால் அது நெம்புகோலாகி முன் ஆக்சிலைத் தூக்குகிறது. முன்னால் குறைவது 300 × 1.3 ÷ 3.1 = 126 கிலோ. பின்னால் கூடுவது 426.

பின் ஆக்சிலை எழுதிப் பாருங்கள்: காலி 950. நான்கு பேரின் 300 கிலோவில் சுமார் 180 பின்னால் வரும். தொட்டிச் சாமான் 250, நேராக ஆக்சில் மேல். ரிசீவரும் பால் மவுண்டும் 30 கிலோ என்றால் அதே நெம்புகோலில் 42. டங் வெயிட் 426. மொத்தம் 1,848. வரம்பு 1,850!

மொத்த எடை வரம்பில் பார்த்தால் 2,150 + 300 + 250 + 30 + 300 = 3,030, இன்னும் 170 கிலோ மிச்சம். இரண்டும் சேர்ந்த வரம்பிலும் பிரச்சினை இல்லை, 3,030-உடன் ட்ரெய்லர் சக்கரங்களில் நிற்கும் 2,180 சேர்ந்தால் 5,210. எல்லா எண்ணும் பச்சை, பின் ஆக்சில் மட்டும் விளிம்பில் நிற்கிறது. இன்னொரு பையைப் பின்னால் போட்டால் தாண்டிவிடும். எந்த ஹிட்ச் வாங்கினாலும் இது மாறாது.

செய்ய வேண்டியது எளிது. தொட்டியில் உள்ள 250 கிலோவை ட்ரெய்லரில் ஆக்சில்களுக்குச் சற்று முன்னால் வையுங்கள். ட்ரெய்லர் 2,730 ஆகும் (வரம்பு 3,000), டங் வெயிட் 328 ஆகும், பின் ஆக்சில் 1,640-க்கு அருகில் வந்துவிடும்.

கூஸ்நெக் பற்றி ஒரு வரி: அதற்கு ட்ரெய்லரின் கழுத்தே வேறு, உங்கள் கப்ளர் அதில் மாட்டாது. தொட்டியும் பயன்படாமல் போகும். அதன் பாரம் 15 முதல் 25 சதவீதம், அதை நேராகப் பின் ஆக்சில் சுமக்கும். உங்கள் எடைக்கு 20 சதவீதமே 496 கிலோ. நான்கைந்து டன்னுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர்களின் சமாச்சாரம் அது.

---

வெல்டிங்பொறி

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இன்றைய பிக்கப் சேஸிஸ் பலவற்றில் உயர்வலு எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் வலு குறையும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் கோட்டில் வராது, அதற்கு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, சூடு பட்ட பட்டையில் வரும். பெயின்டுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படவும் படாது. சேஸிஸ் பட்டையின் குறுக்கே மேலும் கீழும் வெல்டிங் ஓடினால் இன்னும் மோசம், வளையும்போது அதிகம் இழுபடுவது அந்த மேல், கீழ் விளிம்புகள்தான்.

உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த, கம்பெனித் துளைகளில் போல்ட்டில் மாட்டும் ரிசீவர் வாங்குங்கள். கவனிக்க வேண்டியவை: கொடுத்த போல்ட்டையே போடுங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று இருக்கும், கையில் கிடைத்த போல்ட்டை மாற்றிப் போடாதீர்கள். சேஸிஸ் பெட்டி வடிவில் இருந்தால் போல்ட் அதைக் குறுக்காகத் துளைத்துப் போகும். உள்ளே குழாய் ஸ்பேசர் இல்லாமல் இறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கிய இரும்பு ஓட ஓடத் தளரும், போல்ட் தன் இழுவிசையை இழக்கும், பிறகு துளை தேயும். ரிசீவர் தகடு உட்காரும் இடத்தில் தடித்த அடிப்பூச்சு இருந்தால் சுரண்டிவிட்டு, துருத்தடுப்பு மட்டும் மெல்லிசாக அடியுங்கள். பூச்சின் மேல் இறுக்கிய போல்ட்டும் இப்படித்தான் தளரும்.

---

சுமைவண்டி

பம்பரும் வெல்டிங்கும் கைவிடப்பட்டன. சாமானை ட்ரெய்லருக்கு மாற்றுவதிலும் சிக்கல் இல்லை.

இன்னும் சில சந்தேகங்கள். மாடலுக்கேற்ற இரண்டு ரிசீவர்கள் கிடைக்கின்றன. ஒன்றில் 8,000 / 800 பவுண்டு, வெயிட் கேரியிங் வரிசையில்தான். இன்னொன்றில் பவுண்டே இல்லை, டி 17.2, எஸ் 350 என்று தகடு. இரண்டாவதை எப்படிப் படிப்பது? அதோடு வரும் உருண்டை 50 மில்லிமீட்டர். என் கப்ளர் 2 அங்குலம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

உயரம் அளந்தேன். ரிசீவர் குழாயின் உள் மேல்பக்கம் தரையிலிருந்து 560 மில்லிமீட்டர் வரும். ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தினால் கப்ளரின் கீழ் விளிம்பு 420.

---

நெம்புகோல்

டி, எஸ் இரண்டும் ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி சோதித்த ஹிட்ச்களில் வரும் எண்கள். எஸ் என்பது செங்குத்துப் பாரம், கிலோவில். உங்கள் வண்டி வரம்பும் 350 என்பதால் பொருந்துகிறது. டி என்பது முன்னும் பின்னும் இழுபடும் விசை, கிலோநியூட்டனில். ஒரு வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் தேவையான டி-யை நீங்களே கணக்கிடலாம்: 9.81 × (வண்டி எடை × ட்ரெய்லர் எடை) ÷ (இரண்டின் கூட்டல்), எடைகள் டன்னில். வரம்பு எடைகளையே போடுங்கள்: 9.81 × 3.2 × 3.0 ÷ 6.2 = 15.2. தகட்டில் 17.2 இருக்கிறது, தாராளம். உருண்டைக்கும் கப்ளருக்கும் இதே போல் தனித்தனி எண் இருக்கும், மூன்றில் சிறியதுதான் உங்கள் எண்.

இப்போது 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும். 2 அங்குலம் 50.8. வித்தியாசம் 0.8 மில்லிமீட்டர், இரு பக்கமும் தவறாகப் போகும், ஆனால் வெவ்வேறு விதமாக. 50 மில்லிமீட்டர் கப்ளரை 2 அங்குல உருண்டையில் இறக்கினால் முழுதாக உட்காராது. லாக் பாதியில் நிற்கும், அல்லது சுத்தியலால் தட்டி மூடுவார்கள். அதுதான் கழன்றோடும் வகை. உங்களுடையது எதிர்ப்பக்கம்: 2 அங்குலக் கப்ளர், 50 உருண்டை. லாக் சுகமாக விழும், ஆனால் உள்ளே ஆட்டம் இருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இடித்து இடித்து உருண்டை தேய்கிறது. புது உருண்டையாக இருக்கும்போதே இடைவெளி இருக்கிறது என்றால் தேய்ந்த பிறகு என்ன ஆகும்? 50 உருண்டையின் விட்டம் 49-க்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கப்ளர் தாடை எவ்வளவு தேய்ந்தது என்பதை அதற்கு மேல் வையுங்கள். சில கப்ளர்களில் இரண்டு அளவுக்கும் சரி என்று அச்சு இருக்கும், உங்களுடையதில் இல்லை. ஆகவே 2 அங்குல உருண்டை.

எட்டாயிரம் பவுண்டு ரிசீவரையே எடுங்கள். இரண்டும் உங்கள் எடையைத் தாங்கும். தேர்வை முடிவு செய்வது கப்ளர்தான்.

உருண்டை வாங்கும்போது விட்டத்தைப் பார்ப்பவர்கள் தண்டைப் பார்ப்பதில்லை. அதே 2 அங்குல உருண்டை ¾ அங்குலத் தண்டில் 3,500 பவுண்டுக்குத்தான் வரும். 1 அங்குலத் தண்டில் பொதுவாக 6,000 முதல் 8,000. உங்களுக்கு 1 அங்குலத் தண்டு, எண் உருண்டையின் தலையிலேயே பொறித்திருக்கும், 3,000 கிலோவுக்கு 6,614 பவுண்டாவது வேண்டும். பால் மவுண்டின் துளையும் தண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். அடியில் ஸ்பிரிங் வாஷர், பிறகு நட். 1 அங்குலத் தண்டுக்குப் பொதுவான டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) சுமார் 340 நியூட்டன் மீட்டர், ¾-க்கு 217, 1¼-க்கு 610. ஒரு அடி ஸ்பேனரில் 340 வர முனையில் 115 கிலோ அழுத்த வேண்டும். கையால் "நல்லா இறுக்கிட்டேன்" என்பது பாதி டார்க்குக்குக்கூட வராது. நீளமான டார்க் ரெஞ்ச், உருண்டையின் கழுத்தில் உள்ள தட்டைப் பக்கங்களைப் பிடிக்க இன்னொரு பெரிய ஸ்பேனர், இரண்டும் வேண்டும். இறுக்கிய பிறகு தண்டின் மரை நட்டுக்குச் சமமாகவோ கொஞ்சம் வெளியேயோ இருக்க வேண்டும்.

உயரம்: 560 − 420 = 140. அவ்வளவு இறக்கமுள்ள பால் மவுண்ட் வாங்கிவிடாதீர்கள், அது லோடு இல்லாத கணக்கு. டங் வெயிட் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழும். நான்கு பேர் உட்கார்ந்து, 300 கிலோவைப் பின்னால் ஏற்றி மறுபடி அளவுங்கள். 40 மில்லிமீட்டர் தாழ்ந்தால் உங்களுக்குத் தேவை 100, அதாவது 4 அங்குல இறக்கம். சந்தேகமாக இருந்தால் ட்ரெய்லர் மூக்கு ஒரு விரல் தாழ்வாக இருக்கலாம், தூக்கலாக இருக்கக் கூடாது. மூக்கு தூக்கினால் டங் வெயிட் குறையும், இரண்டு ஆக்சிலில் பின்னதே அதிகம் சுமக்கும், அதன் டயர் முதலில் சூடேறும், ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

---

கிரீஸ்கை

கடையாணி அண்ணே சொன்ன பின் ஆக்சில் கணக்குக்கு ஒரு மாற்று இருக்கே. வெயிட் டிஸ்ட்ரிபியூட்டிங் ஹிட்ச் மாட்டினால் முன் ஆக்சிலுக்கு எடை திரும்பும், தொட்டிச் சாமானையும் எடுக்க வேண்டாம். பல வட அமெரிக்கப் பிக்கப் கையேடுகளில் 5,000 பவுண்டைத் தாண்டினால் அது கட்டாயம். என்னைக் கேட்டால் நேராக கிளாஸ் 5 ரிசீவர், அதில் ஸ்பிரிங் பார் ஹிட்ச். ஒரு தடவை போட்டால் கவலை தீர்ந்தது.

---

கடையாணி

கிரீஸ்கை தம்பி, முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை.

கிளாஸ் 5 போட்டால் வண்டியின் 350 கிலோ 400 ஆகாது, பின் ஆக்சில் 1,850-ல் ஒரு கிலோ கூடாது. ரிசீவர் தடித்து 15, 20 கிலோ கூடுதலாகத் தொங்கும், அதுவும் பின் ஓவர்ஹேங்கில் (ஆக்சிலுக்குப் பின்னால் நீளும் பகுதி), அதே பின் ஆக்சில்மேல். 2½ அங்குலக் குழாய் என்றால் 2 அங்குல பால் மவுண்டுக்கு நடுவில் ஸ்லீவ் வேண்டும். இன்னொரு ஆட்டம், இன்னொரு பின் (குறுக்கே செருகும் ஊசி). இழுக்கும் வரிசையில் வண்டி, ரிசீவர், பால் மவுண்ட், பின், உருண்டை, கப்ளர், சங்கிலி என்று ஏழு இருக்கின்றன. மிகச் சிறிய எண்தான் மொத்தத்தின் எண். மற்ற ஆறையும் பெரிதாக்கிப் பயனில்லை.

ஸ்பிரிங் பார் ஹிட்சின் விஷயம்: கையேடு அனுமதித்தால்தான். அது ரிசீவரை மேல்நோக்கி முறுக்கி வேலை செய்கிறது. அந்த முறுக்கு சேஸிஸின் பின் முனைக்குப் போகிறது. அதற்காக வடிவமைக்காத வண்டிகளில் தயாரிப்பாளரே கூடாது என்று எழுதியிருப்பார். கையேட்டில் அனுமதியும் இல்லை, தடையும் இல்லை என்றால் அனுமதி இல்லை என்றே கொள்ளுங்கள். சர்ஜ் பிரேக் (ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது கப்ளர் சறுக்கிப் பிடிக்கும் பிரேக்) வைத்த ட்ரெய்லரில் சில வகைப் பார்கள் கப்ளரின் சறுக்கலைத் தடுத்து பிரேக்கையே செயலிழக்கச் செய்யும். இவருடையது எலெக்ட்ரிக், அந்தத் தொல்லை இல்லை.

அனுமதி இருந்தால் அமைக்கும் முறை இதுதான். ட்ரெய்லர் இல்லாமல், ஆட்களும் சாமானும் ஏறிய வண்டியின் முன் சக்கர வளைவின் உயரத்தை அளங்கள், 900 என்று வையுங்கள். பார் மாட்டாமல் ட்ரெய்லரை உருண்டையில் இறக்கி மறுபடி அளங்கள், 918 ஆகியிருக்கும். இந்த 18-ல் பாதியாவது திரும்ப வேண்டும், அதாவது 909 அல்லது அதற்குக் கீழ். சரியான அளவு எது என்று கையேட்டில் இருக்கும். 900-க்குக் கீழே மட்டும் போகக் கூடாது. அப்படி இறுக்கினால் பின் சக்கரத்தின் பிடி குறையும், ஈரத்தில் வளைவில் பின்பக்கம் வழுக்கும்.

சாமானை எடுத்து வைப்பது இலவசம். முதலில் அதைச் செய்துவிட்டு, எடை மேடையில் நிறுத்திப் பார்த்த பிறகு ஸ்பிரிங் பாரை யோசிக்கலாம்.

எடை மேடை முறை: ஆட்களோடு வண்டியை மட்டும் ஏற்றி மொத்தமும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பின் ஆக்சிலும் எடுங்கள். பிறகு லோடு ட்ரெய்லரை மாட்டி, ட்ரெய்லர் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்க, வண்டியை மட்டும் அதே இரண்டு முறை. வண்டி மொத்தத்தில் கூடியதுதான் டங் வெயிட். பின் ஆக்சில் எண்ணை 1,850-உடன் நேராக ஒப்பிடலாம்.

எடை மேடை பக்கத்தில் இல்லையென்றால் குளியலறைத் தராசு போதும். ஒரு முனையில் செங்கல், மறு முனையில் தராசு, இரண்டுக்கும் நடுவே கனமான சட்டம், தாங்கும் இடங்களுக்கு நடுவே 90 செ.மீ. செங்கல் பக்கத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி ட்ரெய்லரின் ஜாக்கியைச் சட்டத்தின் மேல் இறக்குங்கள். தராசு காட்டுவதை 3-ஆல் பெருக்குங்கள். 100 காட்டினால் 300. சக்கரங்களுக்கு அணை வைக்காமல் செய்ய வேண்டாம். ட்ரெய்லரும் மட்டமாக நிற்க வேண்டும்.

குறைவாகக் காட்டினால் லோடை முன்னால் நகர்த்துங்கள். உருண்டையிலிருந்து ஆக்சில் நடுவரை 4 மீட்டர் என்றால், 200 கிலோவை 60 செ.மீ. முன்னால் தள்ளினால் டங் வெயிட் 30 கிலோ கூடும். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டியில் மாட்டின் கழுத்து லேசாகும், இங்கே உங்கள் பின் சக்கரம்.

---

கிரீஸ்கை

ஸ்லீவும் ஓவர்ஹேங் எடையும் நான் யோசிக்காதது. கிளாஸ் 5-ஐ வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனால் வாலாட்டத்துக்கு ஏதாவது வேணும் இல்லையா? உராய்வு வகை ஸ்டெபிலைசர் கப்ளர் மாட்டச் சொல்லலாமா?

---

நெம்புகோல்

மாட்டலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. வாலாட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் டங் வெயிட் குறைவு, வேகம், ட்ரெய்லரின் பின் முனையில் கனம், டயரில் காற்றுக் குறைவு. இவற்றைச் சரிசெய்யாமல் ஸ்டெபிலைசர் வைத்தால் ஆட்டம் தொடங்கும் வேகம் கொஞ்சம் தள்ளிப்போகும், தொடங்கும்போது வேகமும் அதிகமாக இருக்கும். உராய்வுப் பட்டை உள்ள கப்ளரில் உருண்டைக்கு கிரீஸ் துளியும் கூடாது, பழைய கிரீஸையும் பெயின்டையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். சாதாரணக் கப்ளரில் நேர்மாறு, மெல்லிய கிரீஸ் படலம் வேண்டும்.

ஆட்டம் வந்துவிட்டால்: கால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் (எலெக்ட்ரிக் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கருவி) உள்ள கை நெம்பை மட்டும் தள்ளி ட்ரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடியுங்கள். ட்ரெய்லர் பின்னால் இழுத்து நேராகும். அதனால்தான் கன்ட்ரோலர் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தால் அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

---

வெல்டிங்பொறி

சங்கிலியை யாரும் தொடவில்லையே.

இரண்டு சங்கிலி. ஒவ்வொன்றின் அறுபடும் வலுவும் ட்ரெய்லரின் 3,000 கிலோ வரம்புக்குக் குறையக் கூடாது. கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி போல் குறுக்காகப் போட்டு, ரிசீவரில் உள்ள வளையங்களில் மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் உட்காரும். பால் மவுண்டில் மாட்டினால், பின் உடைந்து பால் மவுண்டே வெளியே வரும்போது சங்கிலியும் கூடவே வந்துவிடும். நீளம் அதிகமானால் முறுக்கிச் சுருக்காதீர்கள், முறுக்கிய கண்ணி பக்கவாட்டில் வளைந்து எளிதில் அறும். கண்ணியைக் குறைத்து மாட்டுங்கள். முழுத் திருப்பத்தில் இறுகாமலும் ரோட்டில் உரசாமலும் இருப்பதே சரியான நீளம். கொக்கியில் தாழ்ப்பாள் இருக்கட்டும்.

பிரேக்அவே கம்பி (ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைப்பது) தனி. அது சங்கிலியில் மாட்டுவதற்கல்ல, பால் மவுண்டிலும் அல்ல, வண்டிச் சட்டத்தில் அல்லது ரிசீவரில் தனி இடத்தில். சங்கிலியைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால் சங்கிலி முழுதாக இழுபடும் முன்பே கம்பியின் ஊசி (பின்) உருவி பிரேக் பிடிக்கும். ட்ரெய்லரில் உள்ள அதன் 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தால் அந்த ஏற்பாடே வெறும் அலங்காரம். பின்னை உருவி, ட்ரெய்லரை மெல்ல இழுத்துப் பாருங்கள், சக்கரம் பூட்ட வேண்டும். பிரேக் மேக்னட் சூடாகும், உடனே பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள்.

2 அங்குல ரிசீவரின் பின் 16 மில்லிமீட்டர், அதாவது ⅝ அங்குலம். அதற்குப் பதில் 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறுக்கு வெட்டில் பாதிக்கும் சற்று மேல்தான் அதன் இரும்பு, அதிலும் மரை இருக்கும் இடத்தில்தான் வெட்டுப்படும்.

மாட்டியதும் ஒரு சோதனை: கப்ளர் லாக்கை மூடி, அதன் ஊசியைப் போட்ட பிறகு, ட்ரெய்லர் ஜாக்கியைச் சுற்றி வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்வரை தூக்குங்கள். கப்ளர் உருண்டையை விட்டு வரவில்லை என்றால் உட்கார்ந்திருக்கிறது. லாக் மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, உருண்டையின் மேல் ஏறி நின்றபடியே சில லாக்குகள் மூடிக்கொள்ளும்.

---

சுமைவண்டி

எல்லாருக்கும் நன்றி. எடுத்த முடிவு: போல்ட்டில் மாட்டும் 8,000 / 800 ரிசீவர், 4 அங்குல இறக்கம், 1 அங்குலத் தண்டில் 2 அங்குல உருண்டை, சாமான் ட்ரெய்லருக்கு. கையேட்டில் ஸ்பிரிங் பார் ஹிட்ச் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆகவே அது வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பின் கதவைத் திறந்தால் ட்ரெய்லர் ஜாக்கியின் கைப்பிடியில் இடிக்கும் போலிருக்கிறது. ரிசீவருக்கு 12 அங்குல எக்ஸ்டென்ஷன் போடலாமா?

---

கடையாணி

வேண்டாம். பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்களில் தயாரிப்பாளரே ரிசீவர் வரம்பைப் பாதியாகக் குறைத்துத்தான் எழுதியிருப்பார், 8,000 பவுண்டு 4,000 ஆகிவிடும், 1,814 கிலோ. உருண்டை 1.3 மீட்டரிலிருந்து 1.6 மீட்டருக்குப் போகும். 328 கிலோ டங் வெயிட்டுக்கு முன் ஆக்சில் இழப்பது 138-லிருந்து 169 ஆகும், வாலாட்டத்துக்கும் நெம்பு நீளும். ஜாக்கியின் கைப்பிடியை மேலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றும் மாடல்கள் உண்டு, அல்லது மடங்கும் ஜாக்கி மாட்டுங்கள். ட்ரெய்லரை மாட்டியிருக்கும்போது பின் கதவைத் திறக்காமல் இருப்பதும் ஒரு வழி, தொட்டிதான் காலியாகிவிட்டதே.

ரிசீவர் போல்ட்களையும் உருண்டை நட்டையும் முதல் 80, 100 கிலோமீட்டரில் ஒரு தடவை டார்க் ரெஞ்சில் பாருங்கள். முதலில் நட்டுக்கும் சேஸிஸுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அதன்பின் குனிந்து பார்த்தாலே நகர்ந்ததா என்று தெரிந்துவிடும்.